தெர்மாகோல் பெட்டியுடன் உசிலம்பட்டிக்கு

ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டியோடு ஏறினால் கண்டக்டர் கேட்கும் முதல் கேள்வி, “மீனா?” என்பதுதான்.

“மீன் இல்லண்ணே, என்சைம்” என்றார் என்னோடு வந்த பயிற்றுநர். கண்டக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. “ஒழுகுச்சுன்னா நீங்கதாம்மா தொடைக்கணும்” என்று சொல்லி இரண்டு உசிலம்பட்டி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2017-இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் ஒருவர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதிலிருந்து மதுரைப் பக்கம் அந்தப் பொருளை யாரும் சிரிக்காமல் பார்ப்பதில்லை. “அணைக்குத்தான் போகுதோ?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

பெட்டிக்குள் ஐஸ் ஜெல் பைகள். அவற்றின் நடுவே, சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய்கள் சில. டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ், பிரைமர், அளவு காட்டும் டிஎன்ஏ லேடர். மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு. மே மாத வெயிலில், ஜன்னலோரம் அனல் அடிக்கிற பஸ்ஸில், என் மடியில் இருந்தது. உசிலம்பட்டியில் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி முகாம். உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்குக் கையால் செய்து பழகும் வாய்ப்பு. அதைப் பார்க்கத்தான் நானும் தொற்றிக்கொண்டேன்.

பயிற்றுநர் உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். முதுகலை முடித்து மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தார். அங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பு அவருக்கு. “மார்க் ஷீட்ல எண்பது, எண்பத்தஞ்சு இருக்கும் சார். பிப்பெட்டக் கையில குடுத்தா திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. பாவமா இருக்கும். வேலையும் குடுக்க முடியாது.” அந்தப் பாவம் பொறுக்காமல்தான் இப்போது கல்லூரி கல்லூரியாகப் போகிறார்.

காளவாசல் நெரிசலைத் தாண்டி அச்சம்பத்து, நாகமலை புதுக்கோட்டை. வலது பக்கம் நாகமலை கூடவே வருகிறது. இடது பக்கம் கீழக்குயில்குடிச் சமணர் மலை. அந்த மலைக்குகை வௌவால்களை வைத்து உலகம் கவனித்த ஆராய்ச்சி நடந்தது என்பது இந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கே தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விலங்கியலாளர், உயிர்களுக்குள் ஓடும் காலக் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்தார். வெளிச்சமே எட்டாத குகையில் வௌவாலுக்கு அந்தி வந்தது எப்படித் தெரிகிறது என்பது கேள்வி. வௌவாலோடு நிற்காமல், கடிகாரமும் சூரியனும் தெரியாத அறையில் மனிதர்களை வாரக்கணக்கில் தங்கவைத்தும் பார்த்தார்.

பல்கலை நகர் நிறுத்தத்தில் பாதி பஸ் இறங்கியது. 1966-இல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கிய பல்கலைக்கழகம். தமிழறிஞர் தலைமையில் ஆரம்பித்த இடம் உயிரியலில் பேர் வாங்கியது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். 1980களின் நடுவில் மத்திய அரசு நாட்டிலேயே முதன்முதலாக எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் தொடங்க நிதி கொடுத்த ஒருசில பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. டெல்லி ஜே.என்.யூ. நடத்திய அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுதி, வங்காளத்திலிருந்தும் டெல்லியிலிருந்தும் பிள்ளைகள் இந்த நாகமலை அடிவாரத்துக்கு வந்து படித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே உயிர்வேதியியல் துறையில் இருந்த ஜே. ஜெயராமன் எழுதிய ‘லேபரட்டரி மேனுவல் இன் பயோகெமிஸ்ட்ரி’ 1981-இல் வெளியானது. சர்க்கரை அளப்பது, புரதம் அளப்பது, நொதியின் வேகம் பார்ப்பது என்று இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புரட்டப்பட்ட புத்தகம். அதற்குத் துணை நிற்கும் இன்னொரு செய்முறைப் புத்தகம், சதாசிவம், மாணிக்கம் இருவரும் எழுதிய ‘பயோகெமிக்கல் மெத்தட்ஸ்’. அது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நாடு முழுவதும் கையைப் பழக்கிய இரண்டு புத்தகங்கள் தமிழ்நாட்டில் எழுதப்பட்டிருக்க, அதே தமிழ்நாட்டில் பிப்பெட் பிடிக்காமல் பட்டம் வாங்கும் பிள்ளைகள் பெருகியது எப்படி?

பயிற்றுநரிடம் கேட்டேன். “சீட்டு கூடுச்சு, சாமான் கூடல” என்றார். 2000-ஐ ஒட்டி சுயநிதிக் கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பப் பாடம் மளமளவென்று வந்தது. பெயரில் கவர்ச்சி இருந்தது. கணினிக்குப் பிறகு இதுதான் என்று செய்தித்தாள்கள் எழுதின. பாடம் நடத்தக் கரும்பலகை போதும்; செய்முறைக்கு ரசாயனம் வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், உடைந்தால் மாற்றிக் கொடுக்க மனசு வேண்டும். ஐம்பது பேர் வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டுவார், முதல் வரிசை பார்க்கும், பின்வரிசை ரெக்கார்டு நோட்டை முதல் வரிசையிடம் வாங்கி எழுதும். காமராசர் பல்கலைக்கழகமே அண்மை ஆண்டுகளில் சம்பளம் கொடுக்கத் திணறி, ஊழியர்கள் போராடியதை நாளிதழ் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

செக்கானூரணி, கருமாத்தூர். 1970-இல் சேசு சபையார் தொடங்கிய அருள் ஆனந்தர் கல்லூரி சாலையோரத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் வானம் அகன்றுவிடுகிறது. மானாவாரிக் காடு, அங்கங்கே மல்லிகைத் தோட்டம், கருவேலம் மண்டிய கண்மாய். வைகை அணையிலிருந்து இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ முறை கடையடைத்திருக்கிறார்கள். ரயிலுக்கும் அப்படித்தான் காத்திருந்தார்கள். 2010 கடைசியில் மதுரை–போடி மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதையாகி மறுபடி தேனி வரை ஓடத் தொடங்கியது 2022 மே மாதம். நடுவே ஒரு தலைமுறை, பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்கே வந்துவிட்டது.

உசிலம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே நினைப்புதான். 1986-இல் ‘இந்தியா டுடே’ பெண் சிசுக்கொலை பற்றி எழுதியதும், 1994-இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்ததும் ஊர்ப் பெயரோடு அதை ஒட்டிவிட்டன. நடந்தது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முகாமுக்கு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசி பெண்கள், அவர்களில் ஒருத்தி, “எங்க ஊர்னு சொன்னாலே எல்லாரும் அதைத்தான் சார் கேக்குறாங்க. நாங்க என்ன படிக்கிறோம்னு கேக்க மாட்டேங்குறாங்க” என்று முதல் அரை மணி நேரத்திலேயே சொல்லிவிட்டாள். ஆகவே என்ன படிக்கிறார்கள் என்பதையே எழுதுகிறேன்.

கல்லூரி ஆய்வகம் சுத்தமாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக. ஓரத்து மேசையில் டிஎன்ஏவைப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின். கம்பெனியிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. ஏதோ நிதியில் வாங்கியது. பழுதானால் யார் பொறுப்பு என்று யாரும் தொடவில்லை. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோல் கேட்டார். உறையைக் கிழித்தபோது ஆய்வக உதவியாளர் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க வெறும் தண்ணீர்தான். மைக்ரோபிப்பெட் பேனாவைவிடத் தடித்த ஒரு கருவி. தலையில் பொத்தான், பக்கத்தில் எண் காட்டும் சின்னச் சாளரம். கட்டைவிரலால் அழுத்தினால் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும், இன்னும் அழுத்தினால் அடிவரை போகும். உறிஞ்சும்போது முதல் தடுப்பு வரைக்கும் மட்டும் அழுத்தி, டிப்பின் நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீரில் வைத்து, விரலை மெல்ல விட வேண்டும். வெளியேற்றும்போது அடிவரை. புதிதாகப் பிடிக்கிறவர்கள் எல்லாரும் உறிஞ்சும்போதே அடிவரை அழுத்திவிடுகிறார்கள். அளவு கூடிப்போகும். விரலைச் சட்டென்று விட்டால் காற்றுக் குமிழி ஏறும், அளவு குறையும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர், பி.சி.ஆர்.-இல் சில பொருள்களை அரை மைக்ரோலிட்டர்தான் சேர்க்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தவறு அது.

கண்டுபிடிக்கத் தராசு இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிகிராம். நூறு மைக்ரோலிட்டர் எடுத்துத் தராசில் விட்டால் 0.100 கிராம் காட்ட வேண்டும். முதல் சுற்றில் 0.081, 0.127, 0.094 என்று ஆளுக்கொரு கணக்கு. எல்லாருடைய எண்ணையும் கரும்பலகையில் எழுதவைத்தார். மறுபடி, மறுபடி. சாப்பாட்டுக்குப் பிறகு 0.098, 0.101, 0.099 என்று வரத் தொடங்கியதும் வகுப்பில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற பரபரப்பு வந்துவிட்டது. 1957-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்னிட்கர் என்ற இளம் மருத்துவர், கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சி வெறுத்துப்போய்த்தான் இந்தக் கருவியைச் செய்தாராம். அமிலத்தையும் கிருமியையும் வாயால் உறிஞ்சிய காலம் அது.

பூக்கட்டிப் பழகிய விரல்கள் என்பதால் இந்தப் பெண்களுக்குச் சீக்கிரம் வருகிறதோ என்று பயிற்றுநரிடம் மெதுவாகச் சொன்னேன். “அப்படியெல்லாம் எழுதிடாதீங்க சார். இதுக பாதிக்குப் பூக்கட்டவே தெரியாது. நூறு தடவை செஞ்சா யாருக்கும் வரும். நூறு தடவை செய்ய விடணும், அவ்வளவுதான்.”

விரல் என்றதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரை என்று எழுதி, ஆண்களின் கைரேகையைப் பதிவேட்டில் எடுக்க வந்த அரசை எதிர்த்ததில் விழுந்த உயிர்கள். ஊரில் அதை இன்றும் ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்கிறார்கள். 1947-இல் சென்னை மாகாணம் அதை ரத்து செய்தது. அந்தச் சமூகத்துக்காக அந்தக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்னும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. முகாமில் இருந்த பலரும் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்து 1,000 ரூபாயில்தான் வெள்ளைக் கோட்டு வாங்கியதாக ஒருத்தி சொன்னாள்.

டீ நேரத்தில் இன்னொரு மாணவி தன் அப்பா கதையைச் சொன்னாள். நெல் தூற்றும்போது கண்ணில் தூசி விழுந்தது. மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். பத்து நாளில் கருவிழி வெளுத்துவிட்டது. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது பூஞ்சை என்றார்கள்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை இல்லை. 1994-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று மாதத்துக்குள் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாக்டீரியா, மறுபாதிக்குப் பூஞ்சை. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எது என்று தெரிய வேண்டுமானால் புண்ணிலிருந்து துளி சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. பூஞ்சை இழை எது, வெறும் தூசி எது என்று பார்த்துப் பழகிய கண் வேண்டும். ஆய்வகப் பயிற்சி என்றதும் அமெரிக்கா, பெங்களூரு என்று யோசிக்கிறவர்கள் செக்கானூரணியையும் உசிலம்பட்டியையும் யோசிக்கலாம். அந்தக் கண் இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

அரவிந்த் இதில் ஒரு பாடமும் வைத்திருக்கிறது. 1976-இல் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அந்த மருத்துவமனை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துத்தான் வளர்ந்தது. 1992-இல் பிறந்த ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்து, நூறு டாலரைத் தொட்ட விலையைப் பத்து டாலருக்குக் கீழே இறக்கியது. அங்கே லென்ஸ் செய்தவர்களில் பெரும்பாலோரும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள்தான். பட்டம் பெற்றவர்களுக்கு நம் கல்லூரிகள் கொடுக்காத பயிற்சியை, பள்ளி முடித்தவர்களுக்கு ஒரு மருத்துவமனை கொடுத்திருக்கிறது.

இரண்டாம் நாள் பி.சி.ஆர். தயிரிலிருந்து முன்பே தட்டில் வளர்த்து வைத்திருந்த பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பெருக்க வேண்டும். 95 டிகிரியில் டிஎன்ஏ இழை பிரியும், 55-இல் பிரைமர் ஒட்டும், 72-இல் புது இழை வளரும். முப்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் ஒன்று 107 கோடி ஆகும். 95 டிகிரியிலும் வேகாத அந்த என்சைம், அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவுடையது. வெந்நீர் ஊற்றில் பிழைத்த சரக்கை நான் ஐஸில் வைத்து மடியில் சுமந்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நடுவில் கரன்ட் போய்விட்டு வந்தது. மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

பெருகிய டிஎன்ஏவை மின்சாரத்தால் ஜெல்லில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த ஜெல்லில் லோடு பண்ணுவதுதான் கையின் உண்மையான பரீட்சை. அகரோஸ் ஜெல்லில் சீப்புப் பல் அளவு குழிகள். மேலே திரவம் நிற்கிறது. நீல மை கலந்த மாதிரியை அந்தத் திரவத்துக்குள் நுழைத்து, குழிக்குள் மெதுவாக இறக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றாவிட்டால் கை நடுங்கும். ஆழமாகக் குத்தினால் குழியின் அடி கிழிந்துவிடும். ஒரு பையன் கிழித்தான். ஒரு குழு வயரை மாற்றிச் சொருகியது; டிஎன்ஏ எதிர்மின் கொண்டது, சிவப்பு முனையை நோக்கித்தான் ஓடும். இவர்களுடைய நீலக் கோடு பின்பக்கமாக நகர்ந்து வெளியேறத் தொடங்கிய பிறகே பார்த்தார்கள். பயிற்றுநர் முதலிலேயே கவனித்திருந்தார், வேண்டுமென்றே சொல்லவில்லை.

விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியில் ஜெல்லை வைத்தபோது, எட்டுக் குழுவில் ஐந்து குழுவுக்கு ஆரஞ்சு நிறத்தில் பட்டை தெரிந்தது. 1,500 கார இணை அளவுக்குப் பக்கத்தில், வர வேண்டிய இடத்தில். கைதட்டல். ஆனால் பாக்டீரியாவே போடாமல் வெறும் தண்ணீர் வைத்த நெகட்டிவ் கன்ட்ரோல் குழியிலும் மெல்லிய பட்டை ஒன்று இருந்தது. கைதட்டல் நின்றது.

“மேடம், அத மட்டும் நோட்டுல விட்டுரலாமா?” என்று ஒரு குரல்.

“விடக் கூடாது. அதத்தான் முதல்ல எழுதணும்” என்றார் அவர். எங்கிருந்தோ வேறு டிஎன்ஏ கலந்திருக்கிறது. டிப் மாற்றாமல் எடுத்ததா, தண்ணீரா, கையுறையா? அடுத்த ஒரு மணி நேரம் அதைத் துப்பறிவதிலேயே போனது. இரண்டு நாளில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான். ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பரிசோதனையும் சரியாகவே வந்திருக்கும். கம்பெனியில் தவறு வந்த நாளில்தான் ஆளின் மதிப்பு தெரியும்.

இந்த வேலைக்கு இந்தப் பக்கத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. உசிலம்பட்டியிலிருந்து மேற்கே ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. 2020-இல் தமிழ்நாட்டில் கொரோனா ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை முதலில் தொடங்கிய ஒருசில ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு ஊருக்கு ஊர் ஆய்வகம் திறந்தபோது, மெஷினை வாங்குவது எளிதாக இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆளுக்குத்தான் அலைந்தார்கள். தேனிப் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்குத் திசு வளர்ப்புக் கன்று தேவை, அதை வெட்டி மாற்றி வைக்கக் கை தேவை. ஒசூர், சென்னை, ஐதராபாத் மருந்து கம்பெனிகள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் இரண்டு நாள் முகாம் அதற்கெல்லாம் போதாது. ஆறு மாதம் தினமும் செய்தால்தான் கை படியும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை அப்படி ஆறு மாதத் தொழிற்சாலைப் பயிற்சியை உதவித்தொகையோடு நடத்திவந்தது. முகாமில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பிள்ளையை உயிரித் தொழில்நுட்பத்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கட்டணம் கட்டும் முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பேட்சுக்கு எத்தனை பிப்பெட் என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, நீ கடைசியாக எப்போது ஜெல் ஓட்டினாய் என்று விசாரியுங்கள். மெஷின்களைக் காட்டுவார்கள், பாலித்தீன் உறை கழற்றியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.